எலும்பு வளரும் காலம்

கம்ப்யூட்டர் திரையில் மகளின் எக்ஸ்ரேயைப் பார்த்தார் மோகன்குமார். பத்தொன்பது வயதுப் பெண்ணின் பற்கள், கரை அரித்துப்போன வாய்க்கால் ஓரத்துத் தென்னைகளைப்போல வேரைக் காட்டிக்கொண்டு நின்றன.

"ஈறு நோய்ங்க. பல்லைத் தாங்கற எலும்பு கரைஞ்சிருக்குது" என்றார் டாக்டரம்மா. "கீழ முன்பல்லு ஒண்ணை எடுத்துத்தான் ஆகணும். கடைவாய்ப் பல்லு ரெண்டுலயும் ஈறைத் திறந்து சுத்தம் பண்ணி, எலும்புத் தூள் வெச்சுத் தைக்கலாம். அதைப் பிடிச்சுட்டுப் புது எலும்பு வளரணும். கட்டாயம் வளரும்னு சொல்ல மாட்டேன். குடும்பத்துல யாருக்காச்சும் சின்ன வயசுலயே பல்லு ஆடி விழுந்திருக்குதுங்களா?"

"இல்லைங்க."

பதினாறு வருடமாக மறைத்துப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. முப்பத்து நான்கு வயதுக்குள், ஒரு சொத்தைகூட இல்லாத பற்கள் ஒவ்வொன்றாக ஆடி அவர் கையோடு வந்தன. பெரியநாயக்கன்பாளையம் லேத் பட்டறையில் கூட இருந்தவர்கள் 'தாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்ததும், பல்செட் கட்டிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார். மனைவிக்கு மட்டும் தெரியும். குளியலறைக் கதவைத் தாழிட்டுத்தான் கழற்றுவார். பதினைந்து வயதில் ரித்திகா, எச்சிலில் ரத்தம் வருகிறது என்று வந்து நின்றாள். "மெதுவா விளக்கு கண்ணு" என்று அனுப்பிவைத்தார். தன்னுடைய நோய்தானோ என்று அன்றைக்கே சந்தேகம் வந்தது. பயத்தில் அதை அமுக்கிப்போட்டார்.

"அப்படின்னா பாப்பா சரியா விளக்காம உட்டதாட்டம் இருக்குது" என்றார் டாக்டரம்மா.

"இல்லைங்க மேடம்" என்றாள் ரித்திகா. கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு நேரமும் விளக்கறனுங்க. சத்தியமாங்க."

அதற்கு மேல் மோகன்குமாரால் தாங்க முடியவில்லை. வாய்க்குள் விரலை விட்டு மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கன்னங்கள் ஒட்டிப்போயின.

"எம்பட பல்லெல்லாம் இப்படித்தானுங்க போச்சு." சொற்கள் குழறின. "அவ மேல தப்பே இல்லீங்க."

ரித்திகா அவர் கையைப் பார்த்தாள். பிறகு அந்த முகத்தைப் பார்த்தாள், வழியில் எதிர்ப்பட்ட யாரோ ஒரு கிழவரைப் பார்ப்பதுபோல.

"நாலு வருசங்கப்பா" என்றாள்.

அதன்பின் அவள் அவரோடு பேசவில்லை. முன்பல்லை எடுத்தார்கள். தூள் வைத்துத் தைத்தார்கள். வீங்கிய கன்னத்தோடு கரைத்த ராகியைக் குடித்தாள். அவர் சோற்றில் கை வைத்தால் தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை மருதமலைப் படி ஏறினார். சந்நிதியில் நின்றவருக்கு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. எம் பொண்ணுக்குக் கொஞ்சம் எலும்பு குடு சாமி என்று கேட்டார். கேட்ட பிறகு அழுகை வந்தது.

ஆறு மாதம் கழித்துப் புது எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"இடது பக்கம் கொஞ்சம் பிடிச்சிருக்குதுங்க" என்றார் டாக்டரம்மா. "வலது பக்கம் இப்ப ஒண்ணும் சொல்ல முடியலை."

மோகன்குமார் உற்று உற்றுப் பார்த்தார். எல்லாமே சாம்பல் புகையாகத்தான் தெரிந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ரித்திகா அவர் தோளுக்கு மேலாகக் குனிந்தாள்.

"இங்க பாருங்கப்பா. மெல்லிசா, வெள்ளையா."

அவள் விரல் ஒரு பல்லின் அடியோரமாக மெதுவாக ஊர்ந்தது. பிறகு திரையின் மறுபக்கம் போய், இன்னும் கறுப்பாகவே கிடந்த இடத்தில் நின்றது.