கதவைச் சாத்தியவள் வரமாட்டாள்

நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் வேலை எனக்கு. புது நாவலைத் திருப்பித் தருகிறவர்கள் கருத்துச் சீட்டு எழுத வேண்டும். மூன்றே வரி, பெயர் கூடாது. நாலாவது வரி எழுதினால் சீட்டைக் கிழித்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். சேர்ந்த சீட்டுகளைப் பதிப்பகம் அப்படியே வாங்கிப்போய் எழுத்தாளரிடம் கொடுக்கும்.

இந்த முறை வந்தது என் பழைய சிநேகிதி எழுதிய நாவல். நானூறு வருடத்துக்கு முந்தைய கோட்டை, முற்றுகை, அதற்குள் இரண்டு சிநேகிதிகள். ஒருத்தி தானியக் கிடங்கின் காவல்காரி, இன்னொருத்தி தண்ணீர் சுமப்பவள். எதிரி உள்ளே நுழைந்த அன்று தண்ணீர்க்காரி கைக்குழந்தையோடு ஓடிவந்து கிடங்குக் கதவைத் தட்டுகிறாள். காவல்காரி திறக்கவில்லை.

படித்த எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் புருஷனிடம் அடி வாங்கி, மூன்று மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில் அவள் தட்டியது என் வீட்டுக் கதவை. அடுத்தவன் குடும்ப வம்பு நமக்கெதுக்கு என்று கூடத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சொன்னார். நான் தாழ்ப்பாளில் கை வைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் போய்விட்டாள். பாவி நான்.

ஆனால் நாவலின் கடைசி அத்தியாயத்தில் காவல்காரி வருகிறாள். எரிந்த தெருக்களில் தேடி, தண்ணீர்க்காரியைக் கண்டுபிடித்து, எதிரே உட்கார்ந்து அழுகிறாள். தண்ணீர்க்காரி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறாள். இது எனக்கு எழுதிய கடிதம் இல்லாமல் வேறென்ன? என்னை வாடி என்று கூப்பிடுகிறாள்.

உடனே போயிருக்க வேண்டியதுதானே? போகவில்லை. மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று சீட்டுகளுக்காகக் காத்திருந்தேன்.

பெயர் இல்லாவிட்டாலும் யார் எழுதியது என்று கையில் வாங்குகிற எனக்குத் தெரியும். இரண்டு பெண்கள் பத்து வருடம் சண்டையே போடவில்லையாம், இதை நம்ப நான் என்ன இளிச்சவாயனா என்று ஓய்வுபெற்ற தபால்காரர் எழுதியிருந்தார். போரில் யார் ஜெயித்தது என்று சொல்லவேயில்லை என்பது தையற்கடைக்காரியின் குறை. மற்றபடி எல்லோருக்கும் பிடித்திருந்தது, கடைசி அத்தியாயம் தவிர. அது யாருக்கும் ஒட்டவில்லை. கதவைச் சாத்தினவளாவது, திரும்பி வருவதாவது என்று நர்ஸ் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

உனக்கென்னடி தெரியும் என்று மனசுக்குள் அவளோடு சண்டை போட்டேன். ஆறிய பிறகு யோசித்தால், அவள் சொன்னதில் என்ன தப்பு? என் சிநேகிதி இருக்கிற இடம் இங்கிருந்து இரண்டு பஸ் தூரம். பதினெட்டு வருடம் அந்த பஸ்ஸில் ஏறாதவள் நான். அந்தக் காவல்காரியின் மனசு எனக்கு ஏது? முதலில் அதை ஒத்துக்கொண்டு, அப்புறம் போய் சிநேகிதி முகத்தில் விழிக்கலாம் என்று தோன்றியது. நானும் ஒரு சீட்டு எடுத்தேன்.

‘கடைசி அத்தியாயம் பொய். கதவைச் சாத்தியவள் இவ்வளவு நல்லவள் இல்லை. அவள் வரமாட்டாள், எனக்கு அவளைத் தெரியும்.’

மூன்று வரி முடிந்துவிட்டது. மன்னித்துவிடு என்று எழுத இடமில்லை. பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. எல்லோரிடமும் சட்டம் பேசிவிட்டு நானே மீறுவதா என்று அப்படியே மற்றச் சீட்டுகளோடு சேர்த்து அனுப்பினேன். மிச்சத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மடச்சி.

இன்றைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்று ஐந்து மாதம் ஓடிவிட்டது. புதிய பதிப்பு வந்தது. நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அந்த அத்தியாயம் இல்லை. தண்ணீர்க்காரி பிள்ளையோடு கோட்டையைவிட்டு நடந்துபோகிறாள், கதை முடிந்துவிடுகிறது.

பதிப்பகத்தில் நம்பர் வாங்கி, மதியச் சாப்பாட்டு வேளையில் ஃபோன் செய்தேன். நான்தான் என்றேன்.

“கடுகா?” என்றாள். படபடவென்று வெடிக்கிறவள் என்று எனக்கு அவள் வைத்த பெயர் அது. குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

அந்த அத்தியாயத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். நாற்பது பேர் நம்பவில்லை என்று எழுதியிருந்தார்களாம். அதற்காக எடுக்கவில்லையாம்.

“உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அவ வரமாட்டான்னு நீயே எழுதி அனுப்பிட்ட. அதுக்கப்புறம் நான் எப்படிடி அவளை வர வைக்கிறது?”

நான் சொல்ல வந்தது அது இல்லை என்று ஆரம்பித்தேன். மூன்று வரி, பின்பக்கம், தாழ்ப்பாள் என்று என்னென்னவோ உளறினேன், அழுதேன். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். இப்போது வரட்டுமா என்றேன்.

“வேண்டாம்டி. அந்த அத்தியாயத்தை எழுத எனக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இன்னொரு தடவை எழுத என்னால முடியாது.”