கணக்கில் ஒரு கக்கூஸ்

நெலிமாவுக்கு ஏழாம் மாதம். வயிற்றுப் பிள்ளை உதைக்க உதைக்க, அடிக்கொரு தரம் கரும்புக்காட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. முற்றத்திலேயே புத்தம்புதுக் கக்கூஸ் நிற்கிறது, இருந்து என்ன பிரயோஜனம்? மாமனார் மகோகா உட்காருகிற இடத்தில் மருமகள் உட்காரலாமா? அவர் எதிரே வந்தாலே பாதையை விட்டு இறங்கி நிற்கிறவள் அவள். புருஷனோ நைரோபியில் கட்டட வேலையில் இருக்கிறான். கேட்க நாதியில்லை.

கணக்கெடுக்க வந்த மாவட்ட ஆபீஸ் அம்மாளிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னாள்.

"அக்கா, எனக்குன்னு ஒரு குழி வெட்டித் தாங்க. மாமா போற எடத்துக்கு நான் எப்படிங்க போவேன்?"

"வீட்டுக்கு ஒண்ணுதாம்மா. உங்க வீட்டுக்குத்தான் வந்தாச்சே! ரெண்டாயிரத்து முப்பதுக்குள்ள எல்லா வீட்டுக்கும் கட்டி முடிக்கிறோம்னு சர்க்கார் உலகத்துக்கே வாக்கு கொடுத்திருக்கு. நீ இன்னும் மாமா, மச்சான்னுட்டு!"

கக்கூஸ் கதவில் பச்சைச் சாயத்தால் ஒரு 'சரி' போட்டுவிட்டுப் போனாள். பாவி, அவளும் இந்த மண்ணுக்கு வாக்கப்பட்டவள்தானே, தெரியாதா? அவள் வீட்டில் ரெண்டு இருக்கும்.

ஊரில் யாருமே வெளியே ஒதுங்குவதில்லை என்று வெள்ளைக்கொடி ஏற்ற நாள் குறித்தார்கள். காட்டில் சிக்கினால் ஒரு கோழி அபராதம். விழாவன்று காலையிலேயே காவலுக்கு நின்ற வஃபூலா நெலிமாவைப் பிடித்துவிட்டான்.

"என்ன மதினி, வீட்டுல அரமனை மாதிரி கட்டி வெச்சுட்டு இங்க காத்து வாங்குறீங்களாக்கும்?"

"உங்கப்பன் உக்கார்ற எடத்துல உன் பொண்டாட்டிய உக்கார வெப்பியாடா?"

அவன் தலையைச் சொறிந்தான். ஆனாலும் கோழியை விடவில்லை. பேறுகாலத்துக்கென்று அவள் பொத்திப் பொத்தி வளர்த்த கோழி.

மகோகாவின் முற்றம்தான் மாதிரி முற்றமாம், விருந்தும் அங்கேயே. தன் கோழியைத் தானே குழம்பு வைத்து, மக்காச்சோள மாவில் உகாலிக் களி கிண்டிப் பரிமாறினாள் நெலிமா.

"யார் வீட்டுக் கோழி? அமிர்தமா இருக்கே!" எலும்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள் ஆபீஸ் அம்மாள்.

நெலிமா கரண்டியை வீசி எறிந்தாள். எல்லாரும் பார்க்க நேரே நடந்து, அந்தக் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊர்ச்சனம் தலையைக் குனிந்துகொண்டது. மாமியார் ரசோவா தலையில் கை வைத்துக்கொண்டாள். காரில் வந்த விருந்தாளிகள் மட்டும் கை தட்டினார்கள். ஒருத்தர் போட்டோகூட எடுத்தார்.

கார்கள் போனதும் மகோகா மருமகள் பக்கம் திரும்பாமலே பெண்டாட்டியிடம் சொன்னார்: "இனிமே நான் அதுல கால் வெக்க முடியாது. அவளும் வெக்கக் கூடாது, சொல்லிடு."

பெரிய பூட்டாக வாங்கி வந்து தொங்கவிட்டார், அந்தப் பச்சைச் 'சரி'க்குக் கீழே.

இப்போது விடிவதற்கு முன்னால் ரெண்டு பேர் கரும்புக்குள் போகிறார்கள். கிழக்கே மாமனார், மேற்கே மருமகள். வஃபூலா கிழக்கே திரும்பிப் பார்ப்பதேயில்லை.

நேற்றும் நெலிமாவின் வாசலில் வந்து நின்றான். "மதினி, அடுத்த கோழி எப்போ?"