ஃப்ளாப்பியில் போன சொற்கள்

ஞானசீலனுக்கு இல்லை என்று சொல்ல வராது. சுகர் லேண்ட் தமிழ்ச் சபையில் யாருக்காவது வீடு மாற்ற வேண்டுமா, யாருடைய மாமியாரையாவது ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவர வேண்டுமா, முதலில் கை தூக்குகிறவன் அவன்தான். அந்தக் கை தன் பொருளைத் தூக்கிக் கொடுத்திருந்தால் போகட்டும் என்று விடலாம். மனைவியின் பொருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டது.

ஜூலியட் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள். இங்கே அமெரிக்காவுக்கு வந்த பிறகு, டிபெண்டன்ட் விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்று சட்டம் அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டது. கிரீன் கார்டு வந்த கையோடு ஒரு வேலையைப் பிடித்தாள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிற ஆஸ்பத்திரிக் கருவிகளின் கையேடுகளைத் தமிழில் எழுதுகிற வேலை. கொடுத்தவர் டென்னிஸ் அங்கிள். சபையில் மூத்தவர், ஹில்கிராஃப்ட் தெருவில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் மொழிபெயர்ப்பு ஆபீஸ் வைத்திருந்தார்.

அவள் வேலையின் உயிர் டெர்ம்பேஸ் என்கிற கலைச்சொல் ஃபைலில் இருந்தது. வேர்டில் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தால், அவள் ஏற்கெனவே தமிழ் கண்டுபிடித்து வைத்திருக்கிற கலைச்சொற்கள் எல்லாம் நிறம் மாறி நிற்கும். ஒரு கீயைத் தட்டினால் அந்தத் தமிழ்ச்சொல் வந்து உட்காரும். மென்பொருளைக் கடையில் வாங்கிவிடலாம். உள்ளே போடுகிற சொல்லை எந்தக் கடையில் வாங்குவது? டயாலிசிஸ் மெஷினின் ஒவ்வொரு குழாய்க்கும் மூடிக்கும் காலிங் கார்டு போட்டு ஊரிலுள்ள நர்ஸ்களைப் போனில் கேட்பாள். யாரிடம் கேட்டாள் என்பதையும் சொல்லுக்குக் கீழே குறித்து வைப்பாள். அடுப்பில் சோறு தீய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அந்தச் சோற்றைத் தின்னும்போது ஞானசீலனுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், அதைவிடக் கூடுதலாகப் பெருமை வரும்.

அந்தப் பெருமைதான் காரியத்தைக் கெடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவருகிற பாட்லக் சாப்பாட்டில் பிரியாணித் தட்டோடு நின்றுகொண்டு மனைவியின் டெர்ம்பேஸைப் பற்றி அளந்துவிட்டான். டென்னிஸ் அங்கிள் அவன் தோளில் கை போட்டார்.

"தம்பி, அதை ஒரு ஃப்ளாப்பில போட்டுக் குடேன். சும்மா பாக்கணும். பெரிய கஸ்டமர் ஒருத்தன் வர்றான், டெமோ காட்டலாம்."

"அதுக்கென்ன அங்கிள், அடுத்த சண்டே கொண்டு வர்றேன்."

நாலைந்து சொற்களை மட்டும் பிரித்துக் கொடுத்திருக்கலாம். ஜூலியட் எல்லோருக்கும் சாம்பிள் அனுப்புவது அப்படித்தான். ஆனால் பிரிப்பது எப்படி என்று அவளைக் கேட்க வேண்டும். கேட்டால் கொடுக்காதீர்கள் என்பாள். பெரியவரிடம் சரி என்று தலையாட்டியாகிவிட்டது. அவள் குளிக்கப் போன நேரத்தில் முழு ஃபைலையும் சுருக்கி ஃப்ளாப்பியில் ஏற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நம் ஆட்களில் பெண்டாட்டி பொருளை எடுக்கப் பெண்டாட்டியிடம் கேட்கிறவன் எத்தனை பேர்? அவனும் கேட்கவில்லை.

அதன் பிறகு வேலை வருவது குறைந்து, நின்றே போனது. "மார்க்கெட் டல்லும்மா" என்றார் அங்கிள். ஜூலியட் நம்பினாள்.

சபைக்குப் புதிதாக வந்திருந்த ரெபெக்கா ஒரு நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, டென்னிஸ் அங்கிள் ட்ரான்ஸ்லேஷன் வொர்க் குடுத்திருக்காங்க. வேர்டுல கலர் கலரா வருது, எப்படி இன்செர்ட் பண்றதுன்னு தெரியல. நீங்க எக்ஸ்பர்ட்டுன்னு சர்ச்சுல சொன்னாங்க."

ஜூலியட் குனிந்து கீயைத் தட்டினாள். அவளுடைய சொல் வந்து உட்கார்ந்தது. கீழே, 'ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டது' என்று அவளே எழுதிய குறிப்பு. அடுத்ததைத் தட்டினாள். அதுவும் அவளுடையது. பிறகு நிமிர்ந்து, ரெபெக்காவுக்கு எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். காபி கொடுத்தாள். கார் வரைக்கும் போய் வழியனுப்பினாள்.

கதவைச் சாத்தியதும் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அத்தான், அங்கிளுக்கு சாம்பிள் அனுப்புனேன்ல, அப்ப முழு ஃபைலையும் அட்டாச் பண்ணிட்டேன் போல. எவ்வளவு பெரிய முட்டாள் நான்!"

ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது.

"விடு ஜூலி, யாருக்கும் நடக்கறதுதான்" என்றான். ஆறுதல் வேறு சொன்னான், பாவி.

அதிலிருந்து அவளுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. ஊருக்கு இரண்டு வரி மெயில் அனுப்புவதென்றாலும், "அத்தான், சரியா இருக்கான்னு ஒருவாட்டி பாத்துடுங்க" என்பாள். அவனும் பார்த்துச் சொல்வான். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பான். பிறகு நாளைக்கு என்பான். சபையில் டென்னிஸ் அங்கிளைப் பார்த்தால் பழையபடி சிரிப்பான். அந்தச் சிரிப்பு அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை டல்லஸிலிருந்து போன் வந்தது. வேறொரு கம்பெனி. தமிழ்க் கலைச்சொற்கள் முழுவதற்கும் பொறுப்பாக ஜூலியட்டை வரச் சொன்னார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாமாம். ஞானசீலன் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் ஒரு நிமிடம் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

தன்னால் முடியாது என்று மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஃபைல்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை, ஏற்கெனவே ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், உங்களுடையதும் என் கையால் போக வேண்டாம், வேறு யாரையாவது பாருங்கள் என்றாள். நன்றி சொன்னாள். போனை வைத்தாள்.

"ஜூலி, நான்தான் குடுத்தேன்" என்றான் ஞானசீலன். "முழு ஃபைலையும். அங்கிள் கேட்டாரு, ஃப்ளாப்பில போட்டுக் குடுத்துட்டேன். நீ ஒண்ணும் தப்பா அனுப்பல."

அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தியிருந்தால் தலைகுனிந்து வாங்கிக்கொண்டிருப்பான். அவள் போனின் மேலிருந்து கையை எடுக்காமல் அவனைப் பார்த்தாள்.

"அவங்க பேசும்போது நீங்க இங்கதான நின்னீங்க?"

"ஆமா."

"நான் போனை வைக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே அத்தான்."