உள்பக்கக் கைப்பிடி

ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய போலீஸ் காரின் பின்சீட்டில் யாரும் இல்லை. ஆனால் மூன்று ஆள் எடை இருந்தது. இழுவை வண்டிக்காரன் பட்டறை வாசலில் அதை இறக்கியபோது முன்பக்கம் வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தரையைத் தொட்டது. டிக்கியைத் திறந்தார்கள், துருப்பிடித்த ஜாக்கியும் எலி கடித்த துணியும்தான் கிடந்தன. சீட்டைக் கழற்றினார்கள், பல் உடைந்த ஒரு சீப்பு கிடைத்தது. ஸ்பிரிங் செத்துப்போயிருக்கும் என்று புதிது வாங்கிப் போட்டார்கள். அதுவும் மறுநாளே படுத்துவிட்டது. கடைசியில் பட்டறைக்கார டிங்கரும் அவருடைய மச்சினனும் காரை லாரிகளுக்கு எடை போடும் மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்தவன் எடையைப் பார்த்தான், கண்ணாடி வழியாகக் காருக்குள் பார்த்தான், மறுபடி எடையைப் பார்த்தான். "பின்னாடி இருக்கிறவங்கள இறங்கச் சொல்லுங்க, அப்பதான் சரியா வரும்" என்றான். யாரும் இல்லையே என்றான் மச்சினன். "சரி, இருந்துட்டுப் போகட்டும். சேர்த்தே எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த லாரியைக் கூப்பிட்டான்.

காரை வாங்கியவர் தியேட்டர்காரர். பல வருஷம் பூட்டிக் கிடந்த தன் தியேட்டரை அவர் மறுபடி திறக்கப் போகிறார். முதல் படமாக, அந்தக் காலத்தில் அங்கேயே மாதக்கணக்கில் ஓடிய ஒரு படத்தைப் போடப் போகிறார். அதில் ஒரு திருடன் போலீஸ் காரையே திருடிவிடுவான். பின்சீட்டில் ஏற்கெனவே ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது பாதி தூரம் போன பிறகுதான் அவனுக்குத் தெரியும். என்ன செய்வான் பாவம், ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக்கொண்டே போவான். கதை அவ்வளவுதான். ஆனால் ஊரே சிரித்து, அழுது, மறுபடி டிக்கெட் வாங்கிப் பார்த்த படம். படத்தில் வரும் அந்தக் கார் அச்சு அசலாகத் தன் தியேட்டர் வாசலில் நிற்க வேண்டும் என்பது தியேட்டர்காரரின் ஆசை. டிங்கருக்கும் அந்தப் படம் மனப்பாடம். அவருடைய மகன் சிறுவயதில் அவரை விடாமல் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்த படம் அது. கார் ஒவ்வொரு வாசலில் நிற்கும்போதும் அவன் முன்சீட்டு முதுகில் முழங்காலால் இரண்டு தட்டுத் தட்டுவான். முன்னால் இருப்பவர்கள் திரும்பித் திரும்பித் திட்டுவார்கள். "அப்பா, நீங்க டிங்கர்தானே, நமக்கு அந்த மாதிரி ஒரு வண்டி பண்ணிக் குடுங்க" என்று நச்சரிப்பான். பண்ணலாம்டா, பண்ணலாம்டா என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு மீசை முளைத்து, வேலைக்கும் போய்விட்டான்.

அச்சு அசல் என்றால் லேசா? படத்துக் கார் கறுப்பு, கதவுகள் மட்டும் வெள்ளை. கூரைமேல் விளக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பானெட்டின் இடது ஓரத்தில் ஒரு பள்ளம். வாழ்நாளெல்லாம் நெளிவு எடுத்தே பழகிய கை, நல்ல தகட்டில் நெளிவு வை என்றால் கூசாதா? சுத்தியலை ஓங்குவார், இறக்குவார், ஓங்குவார். தியேட்டர்காரர் படத்திலிருந்து எடுத்த போட்டோக்களை விரித்துவைத்துக்கொண்டு, பள்ளம் இன்னும் ஒரு விரற்கடை தள்ளி, இல்லை இல்லை, அவ்வளவு ஆழம் வேண்டாம் என்று பிரசவ அறை வாசலில் நிற்கிறவர் மாதிரி தவித்தார். "மாமா, காரைக் கெடுத்து வைக்கிறதுக்கு ஒருத்தர் மேஸ்திரி வேலை பாக்கிறதை இன்னிக்குத்தான் பாக்கிறேன்" என்று பட்டி பார்த்துக்கொண்டே மச்சினன் சிரித்தான். டிங்கரும் சிரித்தார். அவர் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தச் சிரிப்பு பின்கதவைத் தேய்க்கும் வரைக்கும்தான். உள்பக்கத்துப் பழைய பெயின்ட் போனதும் தகட்டில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஒட்டு தெரிந்தது. கைப்பிடி இருந்த இடத்தை யாரோ அடைத்திருக்கிறார்கள். அரம் இழுத்த கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. ஊரில் இடதுகை டிங்கர் இவர் ஒருவர்தான். ஒரு காலத்தில் இந்த ஊர்ப் போலீஸ் கார்கள் எல்லாமே அவர் கைக்குத்தான் வரும். பிடித்து ஏற்றியவன் திறந்துகொண்டு ஓடாதபடி பின்கதவுகளின் உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றி ஓட்டையை அடைக்க வேண்டும். மற்றவர்கள் என்றால் ஒரு தகட்டைத் திருகிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் அப்படியில்லை. துண்டு வெட்டி, பற்றவைத்து, உப்புத்தாளால் கன்னம்போல் இழைப்பார். உள்ளே உட்காருகிறவன் நகத்தால் தடவினாலும் கதவுக்குக் கைப்பிடி என்று ஒன்று இருந்ததே தெரியக் கூடாது, அதுதான் வேலை என்று நாலு பேரிடம் பெருமையும் அடித்துக்கொள்வார். கழற்றிய கைப்பிடிகளை மட்டும், எதற்காவது ஆகும் என்று ஒரு தகர டப்பாவில் போட்டுவைத்தார்.

பிறகு ஒரு சாயங்காலம், வேலை விட்டு வந்துகொண்டிருந்த மகனை வேறு யாரோ என்று நினைத்து, ஒரு விசாரணை, வா என்று அப்படி ஒரு காரில் ஏற்றினார்கள். அவன் வீடு திரும்பவில்லை. ஸ்டேஷனில் போய்க் கேட்டபோது, "அன்னிக்கே விட்டுட்டோமேய்யா. உங்க தெருமுனையில வண்டிய நிறுத்தி, போடான்னு சொல்லிட்டோம்" என்றார்கள். வருஷக்கணக்கில் போய்ப் போய்க் கேட்டார். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம், பதில் மாறவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்று யாரோ அவர் காதுபடவே சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவர் போலீஸ் கார் வேலையை விட்டார். அவர் மனைவி அவரோடு பேசுவதை விட்டாள். சாப்பாடு வைத்திருக்கு, தண்ணி வந்திருச்சு என்ற அளவோடு சரி.

ஒட்டைக் கண்ட மறுநாள் ஸ்டியரிங்கைப் பார்ப்பதற்காக டிங்கர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முதுகில் முழங்காலால் இரண்டு தட்டு விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதார். போலீஸ்காரர்கள் சொன்னதில் பொய் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தெருமுனையில் நிறுத்தியிருக்கிறார்கள், போடா என்றும் சொல்லியிருக்கிறார்கள். கதவைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை. கைப்பிடி இருந்த இடத்தைப் பையன் எவ்வளவு நேரம் தடவினானோ. வேலை அவ்வளவு சுத்தம்.

மனைவிக்கு அவர் சொல்லவில்லை, அழுததைப் பார்த்த மச்சினன் சொல்லிவிட்டான். அவள் வந்து, பின்கதவை வெளியிலிருந்து திறந்து, உள்ளே ஏறி உட்கார்ந்தாள். இடது பக்கம் ஒருவன் சாய்ந்து உட்காரும் அழுத்தம் அவள் தோளில் வந்து படிந்தது. "இளைச்சிருக்கான்" என்றாள். இறங்குடா கண்ணு, இறங்குங்கப்பா எல்லாரும் என்று கெஞ்சினாள். கதவு திறந்தே கிடந்தது. ஆனால் எடை மூன்றும் மறுபக்கக் கதவோரமாக நகர்ந்து ஒண்டிக்கொண்டன. வெளியிலிருந்து கதவு திறக்கப்பட்டபோதெல்லாம் அவர்களுக்கு நல்லது நடந்ததில்லை போலிருக்கிறது. அன்று முதல் வீட்டு வேலை முடிந்ததும் அவள் பட்டறைக்கு வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கீரை ஆய்ந்தாள், துணி மடித்தாள், பக்கத்து வீட்டுச் சண்டையை ஒன்று விடாமல் சொன்னாள். மற்ற இரண்டு பேரும் அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெயின்ட் முடிந்தது, பள்ளம் சரியாக விழுந்தது, விளக்கு சாய்ந்தது. தியேட்டர்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி, பின்கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி எங்கே என்று கேட்டார். படத்தின் உயிரே அந்த இடம்தானே. ஒவ்வொருவனும் தன் கையாலேயே கதவைத் திறந்துகொண்டு இறங்கும்போதுதானே ஜனம் விசிலடிக்கும். நாளைக்கு வைக்கிறேன் என்றார் டிங்கர். மறுநாளும் நாளைக்கு என்றார். ஒரு வாரம் அப்படியே போனது. தியேட்டர்காரர் சத்தம் போட்டுவிட்டுப் போன பிறகு மனைவி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"கைப்பிடிய ஏன் வைக்க மாட்டேங்கிறீங்க?"

"வச்சா எறங்கிடுவான்."

"எறங்கத்தானே வேணும்."

"எறங்கி எங்கேயாவது போயிட்டான்னா? என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்காம போயிட்டான்னா? இப்ப இங்கயாவது இருக்கான்ல. முதுகுல தட்டுறான். எனக்கு அது போதும்."

அத்தனை வருஷம் கேட்காததை அவள் அன்றைக்குக் கேட்டாள். "ஒரு தடவை பூட்டினது பத்தலையா உங்களுக்கு? நான் என்ன, பூட்டி வைக்கவா புள்ள பெத்தேன்?"

டிங்கர் எழுந்து போய்த் தகர டப்பாவைக் கொட்டினார். ஒவ்வொரு கைப்பிடியாக வைத்துப் பார்த்து, அந்தக் கதவுகளுக்குப் பொருந்துகிறதைக் கண்டுபிடித்தார். தன் ஒட்டைத் தானே அறுத்தெடுத்தார். நன்றாகப் பற்றவைத்திருந்ததால் லேசில் வரவில்லை. வேலை சுத்தமாகச் செய்ததற்காகத் தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார். கடைசித் திருகை முடுக்கியபோது அவர் விரலுக்குப் பக்கத்தில் கைப்பிடி தானாக ஒரு தடவை கீழே போய் மேலே வந்தது. யாரோ சரிபார்த்தார்கள்.

மறுநாள் காலை, தியேட்டரில் விடுவதற்காக டிங்கர் காரை எடுத்தார். மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்தான், மனைவி முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டாள். மார்க்கெட்டைத் தாண்டியதும் முதுகில் ஒரு தட்டு. தட்டிய விதத்திலேயே அது மகன் இல்லை என்று தெரிந்தது. நிறுத்தினார். அது என்றோ காணாமல் போன முடிதிருத்துகிறவரின் வீடு. பின்கதவு உள்ளேயிருந்து திறந்தது, கார் கொஞ்சம் நிமிர்ந்தது, கதவு மரியாதையாகச் சாத்திக்கொண்டது. வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த முடிதிருத்துகிறவரின் மனைவி குடத்தை நகர்த்தி வழிவிட்டு, பின்னாலேயே உள்ளே போய்க் கதவை மூடினாள். அடுத்த தட்டு ரயில்பாதைக்கு அந்தப் பக்கம். அங்கே வீடு இல்லை. வீடு இருந்த இடத்தில் கட்டடம் கட்ட ஜல்லி கொட்டியிருந்தார்கள். இறங்கியவர் ஜல்லிக் குவியலைச் சுற்றி வந்தது சரசரவென்று கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து அவர் திரும்ப வந்து ஏறிக்கொண்டார். மச்சினன் மூக்கைச் சிந்திக்கொண்டு, போலாம் மாமா என்றான்.

டிங்கர் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். தட்டு விழவில்லை. கைப்பிடி அசையவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் திரும்பாமல், கண்ணாடியிலும் பார்க்காமல், "ராசா, தப்புப் பண்ணிட்டேன்டா" என்றார். அப்படியும் கதவு திறக்கவில்லை. மனைவி வாசலுக்கு வந்து, ஒன்றும் நடக்காதவள்போல், "சாப்பாடு ஆறுது, கையக் கழுவிட்டு வா" என்றாள். கைப்பிடி கீழே இறங்கியது. கதவு திறந்தது. கார் நிமிர்ந்தது. அவள் தோள் ஒரு பக்கம் லேசாகத் தாழ, உள்ளே நடந்தாள்.

கார் இப்போது தியேட்டர் வாசலில் நிற்கிறது. பின்பக்கம் ஓராள் அளவுக்கு இன்னும் தாழ்ந்திருக்கிறது. படத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று தியேட்டர்காரர் எல்லாரிடமும் சொல்கிறார். காட்சி முடிந்து கூட்டம் கலையும்போது வாசல்காரன் பின்கதவருகே ஒரு டம்ளர் டீ வைக்கிறான். பிறகு காலி டம்ளரை எடுத்துக்கொள்கிறான். டிங்கர் வீட்டில் மகனுடைய கட்டில் இரவில் குழிகிறது, காலையில் நிமிர்கிறது. சாயங்காலம் கூடத்துப் பெஞ்சில் மனைவி உட்கார்ந்தால் அவள் பக்கத்துப் பலகை வளைந்து கொடுக்கிறது. டிங்கரும் பெஞ்சின் மறுமுனையில் இடம் விட்டுத்தான் உட்காருகிறார். அவர் பக்கத்துப் பலகை வளைவதில்லை. வருஷங்கள் போய்விட்டன, வளைவதில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று மச்சினன்கூடச் சொல்லிப் பார்த்துவிட்டான்.

"இன்னும் கோவமாத்தான் இருக்கான்" என்பாள் மனைவி. இப்போதெல்லாம் அவள் அவரோடு பேசுகிறாள்.

"இருக்கட்டும்" என்பார் டிங்கர். "வீட்டுலதானே இருக்கான்."