முப்பத்தொன்று புள்ளி நான்கு

எங்கள் தீவின் தெற்கு வட்டார ஹைப்ரிட் கார் சங்கத்தில் இருபத்து நான்கு பேர் இருந்தோம். அதில் இருபத்து மூன்று பேர் புளுகர்கள். ஐந்து வருடமாக இதை அவர்கள் முகத்துக்கு நேரேயே சொல்லி வந்தேன். ஒருவருக்கும் கோபம் வந்ததில்லை. நான் மற்ற இருபத்திரண்டு பேரைத்தான் சொல்கிறேன் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

சங்கத்துப் பட்டியல் என் பொறுப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கூவா மைதானத்து ஓரமாகக் கார்களை நிறுத்திவிட்டு, கொண்டைக்கடலைக் குழம்பு வைத்து மடித்த ரொட்டி, எங்கள் ஊர் டபுள்ஸ், ஆளுக்கு இரண்டு வாங்கித் தின்றுகொண்டே, வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். நான் எழுதிக்கொண்டு மத்தியானம் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். கார் வாங்க நினைக்கிற ஊர்க்காரர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். விற்கிறவன் பொய் சொல்வான், சொந்தமாக ஓட்டுகிறவன் எதற்காகப் பொய் சொல்லப் போகிறான் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அட, சொந்தமாக ஓட்டுகிறவன்தானய்யா சொல்வான்! பணத்தைக் கொட்டி வாங்கியது புத்திசாலித்தனம்தான் என்று பெண்டாட்டிக்கும் மச்சானுக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் நிரூபிக்க வேண்டியவன் அவன்தானே.

ஹாலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன்ட். வாய் கூசாமல் முப்பது என்பார்.

"எப்படி அளந்தீங்க சார்ஜன்ட்?"

"நூறு டாலருக்குப் போட்டேன். ஒரு வாரம் ஓடுச்சு."

"நான் கிலோமீட்டர் கேட்டேன்."

"வாரம்னா வாரம்தான்யா. பழைய வண்டியில நூறு டாலர் மூணு நாளைக்குத்தான் வரும். நீதான் பெரிய கணக்குப் புலியாச்சே, போட்டுக்க."

ஹாலிஸ் மட்டுமில்லை, எங்கள் ஊர்ப் பழக்கமே அதுதான். பங்க்கில் கண்ணாடியை இறக்கி ஐம்பதுக்கு, நூறுக்கு என்று சொல்லுவோம். டேங்க்கை நிரப்பச் சொல்லி நான் யாரையும் பார்த்ததில்லை. உள்ளே முன்னால் எவ்வளவு கிடந்தது, இப்போது எவ்வளவு கிடக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் மைலேஜ் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது குளோரியா மிஸ். முப்பது வருடம் தலைமையாசிரியை. வீடு மேட்டின் உச்சியில், சர்ச் அடிவாரத்தில். வீட்டு வாசலில் கணக்கை ஆரம்பித்து சர்ச் வாசலில் முடித்துவிடுவார்.

"திரும்ப மேல ஏறணுமே மிஸ்?"

"அது வீட்டுக்குப் போறதுப்பா. அதையெல்லாம் யாராவது கணக்குல சேர்ப்பாங்களா?"

மருந்துக்கடை ராம்தத் இன்னும் நேர்மையானவர். மகன் ஓட்டிய மாதத்தைச் சேர்க்க மாட்டார், அவன் தடியன். கார்னிவல் மாதத்தைச் சேர்க்க மாட்டார், நெரிசல். ஏசி போட்ட நாட்களைச் சேர்க்க மாட்டார், அது பயணம் இல்லையாம், குளிர்ச்சியாம். எல்லாம் போக வருடத்தில் மூன்று வாரம் மிஞ்சும். அந்த மூன்று வாரத்தில் வண்டி அவருக்கு இருபத்தொன்பது கொடுக்கும். நல்லது எல்லாம் வண்டியால், கெட்டது எல்லாம் விதிவிலக்கு. இப்படி அளந்தால் என் வீட்டு ஆட்டுக்கல் கூட முப்பது கொடுக்கும்.

இந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் மனிதன். வாரம், டாலர், மேடு, பள்ளம் என்று உளற மாட்டேன். காரின் திரையைப் பார்த்து, புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்துச் சொல்வேன். முப்பத்தொன்று புள்ளி நான்கு. வாங்கிய மாதத்தில் முப்பத்தொன்று புள்ளி நான்கு, ஐந்து வருடம் கழித்தும் முப்பத்தொன்று புள்ளி நான்கு. மழையோ வெயிலோ, நெரிசலோ காலி ரோடோ, ஒரு புள்ளி ஏறாது, ஒரு புள்ளி இறங்காது. "இதுக்குப் பேர்தான் ஓட்டுற ஒழுக்கம்" என்று ஹாலிஸிடம் சொல்வேன். அவர் முகத்தில் ஈயாடாது.

திரையைப் படிப்பதும் சுலபமில்லை. எங்கள் வண்டிகளெல்லாம் ஜப்பானில் யாரோ ஏழெட்டு வருடம் ஓட்டித் தள்ளிவிட்டவை. கப்பலில் வந்து இறங்கும்போது திரையில் அத்தனையும் ஜப்பான் எழுத்து. இந்தத் தீவில் அதை யார் படிப்பார்? படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். நான் ஊகித்தேன். ஒரு பக்கத்தில் இரண்டு எண்கள் வரும். ஒன்று பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று தினமும் ஆடிக்கொண்டிருக்கும். அது ஏசியின் குளிர் என்று முடிவு செய்தேன். இன்னொன்று அசையாமல் நிற்கும், தலையில் குட்டிக் கிரீடப் படத்தோடு. முக்கியமான எண்ணுக்குத்தானே கிரீடம் வைப்பான்?

லிஸ்ட்ரா என்னிடம் வந்தது போன வருடம். அவள் வேலை செய்த ஆலையை மூடிவிட்டார்கள். கையில் கொடுத்த மொத்தத் தொகையில் ஒரு கார் வாங்கி, பிரின்சஸ் டவுனுக்கும் சான் ஃபெர்னாண்டோவுக்கும் ஷேர் டாக்சி ஓட்டப் போவதாகச் சொன்னாள்.

"அண்ணே, எரிவாயு சிலிண்டர் வச்ச பழைய வண்டி ஒண்ணு மலிவா வருது. ஹைப்ரிட் அதைவிட ரொம்ப விலை. இருபத்தெட்டாவது குடுத்தாத்தான் எனக்குக் கட்டும். மத்தவங்க சொல்றத நம்ப மாட்டேன். நீங்க சொல்லுங்க."

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்றேன்.

என் வண்டியின் அதே மாடல், அதே வருடம், அதே விற்பனையாளரிடம் வாங்கினாள். சங்கத்திலும் சேர்ந்தாள். முதல் மாதம் வந்து, "பதினேழு புள்ளி ஒன்பது" என்றாள். மைதானமே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்.

"ஏம்மா, கால்ல செருப்பு போட்டு ஓட்டுறியா, செங்கல்லக் கட்டிக்கிட்டு ஓட்டுறியா?"

"நாலு தடவை டேங்க் நிரப்பிப் பாத்தேன் அண்ணே."

"யாரு டேங்க்கை நிரப்பச் சொன்னா? வண்டிய இதமா ஓட்டு. ஏசி போடாத. அம்பதத் தாண்டாத. பிரேக்கத் தொடாத."

அவள் எண்ணைப் பட்டியலில் எழுதவில்லை. கற்றுக்குட்டியின் பிழை சங்கத்தின் சராசரியைக் கெடுக்கக் கூடாது அல்லவா. அடுத்த மாதம் பதினெட்டு புள்ளி ஒன்று என்றாள். அதையும் எழுதவில்லை. மூன்றாவது மாதம் பதினெட்டு புள்ளி ஆறு. "பரவாயில்ல, செங்கல்லு கரையுது" என்றேன். டபுள்ஸ் கடைக்காரன்கூடச் சிரித்தான்.

நான்காவது மாதத்து ஞாயிறு அவள் டபுள்ஸ் வாங்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நேராக என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு வண்டியத் திருப்பிக் குடுக்கப் போறேன் அண்ணே. பாதி விலைக்கு எடுத்துக்குறேன்னுட்டான்."

"பாதிக்கா? பைத்தியமா உனக்கு?"

"என்னால ஓட்ட முடியல. அம்பதுல போனா பின்னாடி வர்றவன் அம்மாவ இழுத்துத் திட்டுறான். ஏசி போடலன்னு ஜனங்க அடுத்த வண்டியில ஏறிடுறாங்க. நாலு சீட்டுல ரெண்டுதான் நிறையுது. அப்படியும் பதினெட்டுதான் வருது. எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. உங்க வண்டிய நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன். எங்க தப்புப் பண்றேன்னு தெரிஞ்சுட்டா, குடுக்காம வச்சுக்குவேன்."

எனக்கு நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது. எல்லோரும் பார்க்க அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். முதல் பங்க்கிலேயே நிறுத்தச் சொன்னாள். கழுத்து வரை நிரப்பச் சொன்னாள். பங்க்காரனே ஒரு தடவை குனிந்து பார்த்தான்.

"ஃபுல்லா? நிஜமாவா சார்?"

சான் ஃபெர்னாண்டோ போய், அவளுடைய தடத்தில் பிரின்சஸ் டவுன் வரை ஏறி, திரும்பி வந்தோம். வழியெல்லாம் பாடம் எடுத்தேன். இங்கே காலை எடு, இங்கே வண்டியை உருள விடு, பார், என் கால் எப்படி இருக்கிறது என்று. அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். அதே பங்க், அதே குழாய். மறுபடி கழுத்து வரை. அறுபத்திரண்டு கிலோமீட்டர். மூன்று புள்ளி நான்கு லிட்டர் குடித்திருந்தது.

அவள் வகுத்தாள். மறுபடி வகுத்தாள்.

"பதினெட்டு புள்ளி ரெண்டு."

"பங்க்ல ஏமாத்துறான்" என்றேன் உடனே. "மீட்டர்ல கைவச்சிருக்கான், திருட்டுப் பய. பம்ப்ப யார் நம்புவா? இதப் பாரு." திரையைத் தட்டிக் காட்டினேன். முப்பத்தொன்று புள்ளி நான்கு, கிரீடத்தோடு நின்றது.

லிஸ்ட்ரா திரையைப் பார்த்தாள். "கிளம்பும்போதும் இதேதான் இருந்துச்சு."

"எப்பவும் இதேதான் இருக்கும். அதான் ஒழுக்கம்."

"அஞ்சு வருஷமாவா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் போனை எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்தாள். இப்போதெல்லாம் போன் எந்த எழுத்தைப் படம்பிடித்தாலும் நம் மொழியில் காட்டிவிடும். எனக்கும் தெரியும். என் போனிலும் இருக்கிறது. ஐந்து வருடத்தில் ஒரு தடவை காட்டியிருந்தால் போதும். தெரிந்ததை எதற்குச் சரிபார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஏசியின் குளிர் என்று நான் வைத்திருந்த எண்ணுக்கு மேலே "இந்தப் பயணம்" என்று வந்தது. பதினெட்டு புள்ளி நான்கு. கிரீடத்துக்குப் பக்கத்தில் "இதுவரை எட்டிய உச்சம்".

வாங்கிய அன்றே இருந்த எண். அப்படியானால் அது என்னுடையதே இல்லை. எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்த ஏதோ ஒரு ஜப்பான்காரன், ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு மலைச்சரிவில் உருண்டு இறங்கி எட்டிய உச்சம். ஐந்து வருடமாக அவனுடைய ஒரு நாளை என் ஒழுக்கம் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். குளோரியா மிஸ்ஸாவது தன் சொந்த மேட்டில்தான் இறங்கினார்.

"லிஸ்ட்ரா..." என்றேன்.

"மூணு மாசம்" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "மூணு மாசமா வேர்வையில வெந்தேன். தினமும் காலையில ஒரு டீச்சர் வருவாங்க, நல்ல மனுஷி. சூடு தாங்கலம்மான்னு சொல்லிட்டு அவங்களும் போயிட்டாங்க. கண்ணாடியப் பாத்து, ஒரு கார ஒழுங்கா ஓட்டத் துப்பில்லாத ஜென்மமேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். என் நம்பர் சரியா இருந்துச்சு. நீங்க எழுதக்கூட இல்ல."

"நான் பொய் சொல்லலம்மா."

"தெரியும். பொய் சொல்லியிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன். நீங்க நம்பிக்கிட்டே சொன்னீங்க."

மைதானத்துக்குத் திரும்பியதும் தன் வண்டியில் ஏறினாள். கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டாள். பிறகு என் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கினாள்.

"வண்டியக் குடுக்கப் போறதில்ல. பாதி விலைக்குக் குடுத்துட்டு நான் என்ன பண்றது? அது மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல. அந்தச் சிலிண்டர் வண்டிய வாங்கியிருந்தா இந்நேரம் நிம்மதியா இருந்திருப்பேன், அது வேற கதை. மூணு மாச நம்பரையும் பட்டியல்ல போடுங்க. உங்களதையும் போடுங்க."

அன்று மத்தியானம் போட்டேன். லிஸ்ட்ராவின் மூன்று எண்கள், கீழே ராம்ரூப் என்று என் பெயர், பதினெட்டு புள்ளி இரண்டு. கிரீடக் கதையையும் ஒளிக்காமல் எழுதினேன். உங்கள் திரைக்கு நேரே போனைக் காட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

"ரூப், கால்ல செங்கல்லா?" என்று ஹாலிஸ் கேட்டார். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். வயதானால் பார்வை மங்குவது சகஜம், நல்ல டாக்டரைப் பார் என்று குளோரியா மிஸ் ஆறுதல் சொன்னார். பட்டியல் அசிங்கமாக இருக்கிறது, பழைய எண்ணையே போட்டுவிடு என்று ராம்தத் எழுதினார். ஒருவரும் போனைக் காட்டவில்லை. எப்படிக் காட்டுவார்கள்? நான் காட்டினேனா?

லிஸ்ட்ரா இன்னும் ஓட்டுகிறாள். ஏசி போட்டபின் நாலு சீட்டும் நிறைகிறது. டீச்சரும் திரும்பி வந்துவிட்டாராம். ஆனால் பெட்ரோலுக்குப் போனது போக மிஞ்சுவது போதாமல், ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறாள். அதனால் மைதானத்துக்கு வருவதில்லை. எண்ணை மட்டும் அனுப்புவாள், வேறு ஒரு வார்த்தை இருக்காது. டாக்சி நிற்கும் இடத்தில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பட்டியலில் இருபத்து மூன்று பேர் இருபத்தெட்டுக்கு மேலே, நாங்கள் இருவர் அடியில்.

போன வாரம் பெனால் ஊரிலிருந்து புதிதாக ஒருவன் குழுவில் சேர்ந்தான். வேலை போய்விட்டதாம், டாக்சி ஓட்டக் கார் பார்க்கிறானாம். "கடைசியில ரெண்டு பேர் பதினெட்டுன்னு போட்டிருக்காங்களே, அவங்க வண்டியில ஏதாவது கோளாறா?" என்று கேட்டிருந்தான்.

நான் பதிலை அடித்துக்கொண்டிருந்தேன். நீளமான பதில். முடிப்பதற்குள் ஹாலிஸ் முந்திக்கொண்டார்.

"வண்டி தங்கம் தம்பி. அவங்க ரெண்டு பேருக்கும் ஓட்டத் தெரியாது. நீ கண்ணை மூடிக்கிட்டு வாங்கு."

"ரொம்ப நன்றி சார்ஜன்ட்" என்று அவன் எழுதினான். "நாளைக்கே முன்பணம் கட்டிடுறேன்."