வளைவில் விரியும் முட்டி

என் மாமியார் பொலிக்ஸேனி சாயங்காலம் பால்கனியில் அமர்ந்து பீன்ஸ் உரிப்பார். கிரேக்கத்தின் கலமாட்டா நகரத்திலிருந்து மலையேறி வரும் சாலை, எங்கள் ஊருக்குச் சற்றுக் கீழே பாறையைச் சுற்றித் திரும்பும். அந்த வளைவு எங்கள் பால்கனியிலிருந்து தெரியும். ஏழு மணிக்கு அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் தோன்றும். வெயில் பின்னாலிருந்து அடிப்பதால் ஓட்டுபவன் கறுப்பு நிழலாகத்தான் தெரிவான். வலது முட்டி மட்டும் வண்டியை விட்டு வெளியே நன்றாக விரிந்திருக்கும்.

"லாம்ப்ரோஸ் வந்துட்டான்" என்று சொல்லி அத்தை சிரிப்பார்.

லாம்ப்ரோஸ் அவருடைய மூத்த மகன். அவன் இறந்து ஆறு வருடமாகிறது, அதே வளைவில், அதே வண்டியில். இப்போது கலமாட்டாவில் வேலை முடித்து அதை ஓட்டி வருபவன் என் கணவன் ஃபோட்டிஸ், இளையவன். இரண்டு நிமிடம் கழித்து ஃபோட்டிஸ் கதவைத் திறந்து உள்ளே வருவான். "வாடா ஃபோட்டிஸ், கை கழுவு, தக்காளிக்குள்ள சோறு அடைச்சு வெச்சிருக்கேன்" என்பார் அத்தை, எந்தக் குழப்பமும் இல்லாமல். வளைவில் தெரிந்தவன் எங்கே போனான் என்று அவர் கேட்டதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த இரண்டு வருடத்தில் எனக்கே பழகிவிட்டது. சில நாள் நானும் கதவில் இரண்டு பேரை எதிர்பார்த்திருக்கிறேன்.

முட்டி விரிவதற்குக் காரணம் சூடு. இத்தாலியப் பழைய வண்டி, இரட்டை சிலிண்டர் எஞ்சின். பின் சிலிண்டரின் புகைக்குழாய் வலது காலை ஒட்டியபடியே போகிறது. ஆகஸ்ட் மாதம் மேட்டில் ஏறும்போது அடுப்பில் காலை வைத்தது போலிருக்கும். ஃபோட்டிஸின் கெண்டைக்காலில் கொப்புளம் ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். இரவு மருந்து தடவும்போதெல்லாம் திட்டுவேன்.

"சரந்தோஸ் அண்ணன்கிட்ட விட்டா சரி பண்ணிடுவாரே?"

"பாக்கலாம்."

"கால் வெந்தப்புறமா பாக்கறது?"

"ஆலிவ் அறுவடை முடியட்டும்" என்பான். அறுவடை நவம்பரில்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் வண்டியின் ஒரு பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தான். வளைவில் ஆடு குறுக்கே வந்ததாம். பாறையில் உரசி நின்றிருக்கிறான். "ஒண்ணும் ஆகலை" என்றான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஊரே தூங்கிக்கொண்டிருந்தபோது, எஞ்சினைப் போடாமல் வண்டியைத் தெருச் சரிவில் உருட்டிக்கொண்டு போனேன். சரந்தோஸின் பட்டறை தெருக்கோடியில். அவர் கதவருகே நாற்காலியில் கண் மூடிக் கிடந்தார்.

"புருஷனை விட்டுட்டு வண்டியோட ஓடி வந்துட்டியா தங்கச்சி?"

"இதுல சூடு குறையணும் அண்ணே. இன்னைக்கே."

அவர் எழுந்து குழாயைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இதையேதான் லாம்ப்ரோஸ்கிட்டயும் சொன்னேன். பெட்ரோல் கம்மியா, காத்து அதிகமாப் போகுது, அதான் இந்தக் கொதி கொதிக்குது. அதைச் சரி பண்ணி, குழாய்ல நாடா சுத்தி, ஒரு தகடு போட்டா முடிஞ்சுது. ஆகஸ்ட் பதினஞ்சு மாதா திருநாள் கழிச்சு வர்றேன்னான். திருநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி போய்ட்டான்."

"அதுக்கும் சூட்டுக்கும் என்ன அண்ணே?"

"முட்டி விரிஞ்சா பாதம் திரும்பும். விரல் பின் பிரேக்கை விட்டு வந்துடும். ரோட்டுல முன் சக்கரம் இழுத்த தடம் மட்டும்தான் இருந்துது, பின் பிரேக் பிடிக்கவே இல்ல. போலீஸோட போய் நானே பாத்தேன்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "உன் அத்தைகிட்ட நான் சொல்லல. நீயும் சொல்லாத."

முதலில் அவர் பெட்ரோல் அளவைத் திருகிச் சரி செய்தார். சூடு தாங்கும் கண்ணாடி இழை நாடாவை வாளித் தண்ணீரில் ஊறவைத்தோம். நான் குழாயைச் சுற்றிச் சுற்றி இறுக்க, அவர் கம்பியால் கட்டினார். அதற்கு மேல், விரல் அகல இடைவெளி விட்டு, அலுமினியத் தகடு. எஞ்சினைக் கிளப்பியதும் நாடாவிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. நான் அலறிவிட்டேன்.

"முதல் தடவை அப்படித்தான் புகையும். உள்ள இருக்கறது வெளிய போகணும்ல" என்றார்.

ஃபோட்டிஸ் எழுந்து பார்த்தபோது கோபப்படவில்லை. தகட்டைத் தொட்டுப் பார்த்தான். நன்றி கூடச் சொன்னான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு, உரித்த பீன்ஸ் கிண்ணத்தை வாங்கும் சாக்கில் அத்தையின் பக்கத்தில் நின்றேன். வளைவில் வண்டி தெரிந்தது.

முட்டி விரிந்திருந்தது.

"லாம்ப்ரோஸ் வந்துட்டான்" என்றார் அத்தை.

ஃபோட்டிஸ் எங்கள் அறைக்குள் வந்ததும் கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். புதுக் கொப்புளம் இல்லை. தோல் சிவக்கவே இல்லை.

"சுட்டுதா?"

"இல்ல. நல்லா இருக்கு."

"அப்புறம் எதுக்கு விரிக்கற?"

அவன் கதவைச் சாத்தினான். "அம்மா அந்த நேரத்துக்கு மட்டும்தான் சிரிக்கறா, அர்கிரோ. நீ பாத்ததில்லையா?"

"அப்ப வேணும்னேதான் பண்றியா? ஆறு வருஷமா?"

"மொதல்ல சுட்டுதுன்னுதான் விரிச்சேன். அப்புறம் அம்மாவுக்காக. இப்ப..." படுக்கையில் உட்கார்ந்தான். "இப்ப தெரியல. பாறை வந்ததும் அதுவாவே போகுது. இன்னைக்கு உள்ளயே வெச்சுக்கணும்னு நெனச்சேன். முடியல."

"உங்க அண்ணன் எப்படிப் போனாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றான். "அந்தத் தடத்தை நானும் பாத்தேன்."

அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "நாளைக்கு நான் பஸ்ல கீழ வர்றேன். உன்கூடவே திரும்பி வர்றேன்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அவன் பின்னால் உட்கார்ந்து மலையேறினேன். காலுக்கு இதமாக இருந்தது. பாறை கண்ணில் பட்டபோது அவன் முட்டியின் மேல் என் வலது கையை வைத்தேன். வளைவின் ஓரத்தில், ரோட்டில் இறந்தவர்களுக்கு எங்கள் பக்கம் வைப்பது போல, லாம்ப்ரோஸுக்காக வைத்த சின்னக் கண்ணாடிக் கோயில் இருந்தது. அதில் ஃபோட்டிஸ்தான் விளக்கேற்றுவான். அத்தை ஒருமுறை கூட அங்கே வந்ததில்லை. வீட்டுக்கு வருகிறவனுக்கு எதற்கு ரோட்டில் விளக்கு?

வளைவுக்குள் நுழைந்தோம். முட்டி என் கைக்கு எதிராகத் தள்ளியது. பலமாக, பிடிவாதமாக. நான் என் முழு பலத்தையும் கொடுத்து அதை உள்ளே அழுத்தினேன். கோயிலைத் தாண்டியதும் தள்ளல் சட்டென்று நின்றது.

"ஏன் அப்படித் தள்ளின?" என்று காதருகே கத்தினேன்.

"நான் தள்ளலையே" என்றான். "நீதான அழுத்திட்டே இருந்த."

வாசலில் வண்டியை நிறுத்தியபோது அத்தை பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார்.

"ஃபோட்டிஸ் வந்துட்டான்" என்றார். பிறகு எங்கள் தலைக்கு மேலாக வளைவைப் பார்த்தார். "அவன் எங்கடா? ஏன் இன்னும் காணோம்?"

ஃபோட்டிஸ் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. என்னைப் பார்த்தான். 'வருவார்' என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், நாளை மறுபடி அந்த முட்டி விரியும் என்று எனக்குத் தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை.

"அம்மா, அவன் வரமாட்டாம்மா" என்றான். "இத்தனை நாளா நான்தான் வந்தேன்."

அத்தை அழவில்லை. வெயில் முழுவதும் இறங்கும் வரை அங்கேயே நின்றார். பீன்ஸ் உரிக்கப்படாமல் கிடந்தது.

மாதா திருநாளன்று காலையில் அத்தை கறுப்புத் துக்க உடை உடுத்தி, கையில் எண்ணெய்ப் புட்டியும் திரியுமாக வந்து நின்றார். "எங்க இருக்குன்னு காட்டு" என்று மகனிடம் சொன்னார். அந்த வண்டியிலேயே பின்னால் ஏறிக்கொண்டார்.

நான் பால்கனியில் நின்றேன். வளைவில் வண்டி நின்றது. கறுப்பாக ஒரு உருவம் இறங்கிக் குனிந்தது. வெகுநேரம் கழித்துத் திரும்பி வரும்போது எண்ணினேன். இரண்டு பேர். முட்டிகள் உள்ளே. மறுபடியும் எண்ணினேன்.

முற்றத்தில் இறங்கியதும் அத்தை உள்ளே வரவில்லை. குனிந்து தன் உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்தார்.

"சுடலையே" என்றார். "லாம்ப்ரோஸ் சுடுது சுடுதுன்னு சொல்வானே. என்ன பண்ணீங்க?"

"நாடா சுத்தினோம் அத்தை. மேல ஒரு தகடு."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

சரந்தோஸ் சொல்லாதே என்றது நினைவிருந்தது. ஆனால் அத்தை இதை மட்டும்தான் கேட்டார்.

"ஒரு மத்தியானம்தான் அத்தை. எல்லாரும் தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள."

"ஒரு மத்தியானம்" என்றார் அத்தை. கையை எடுக்கவில்லை.