நானூற்றுப் பத்துத் தம்பதி

வெயிலுமுத்துவும் அவன் மனைவி சுடலைவடிவும் கல்லூரி முதல்வர் அறை ஏசியில் கேஸாக வேலை பார்த்தார்கள். நிரந்தர வேலை. குடியிருப்பும் அங்கேயேதான், செம்புக் குழாய்க்குள்.

வேலை ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. அடி வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அடிப்பவர் சுடலைவடிவின் கூடப்பிறந்த அண்ணன். பெயர் பிச்சாண்டி, உத்தியோகம் பிஸ்டன். வெளியே சன்ஷேடில் இருக்கும் கம்ப்ரசருக்குள் காலை அகட்டி நிற்பார். தங்கையும் மாப்பிள்ளையும் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திவிட்டு மிதிப்பார். விலா எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வரை மிதிப்பார்.

"வலிக்கா மாப்ள?" என்று மிதித்தபடியே கேட்பார்.

"வலிக்கத்தான் செய்யுது மச்சான்."

"அப்ப சரியாத்தான் மிதிக்கேன்."

மிதிபட்டவர்கள் அனல் பறக்கக் கண்டன்சருக்குப் போவார்கள். அங்கே ஒரு விசிறி நின்றுகொண்டு கன்னத்தில் மாறி மாறி அறையும். அறை வாங்க வாங்கச் சூடு இறங்கும். முழுக்க இறங்கியதும் இருவரும் அழுது அழுது திரவமாகிவிடுவார்கள். அப்புறம் கேப்பில்லரி என்று ஒரு நூல் கனக் குழாய். கழுத்தைத் திருகிக்கொண்டுதான் அதற்குள் நுழைய முடியும். அந்தப் பக்கம் போய் விழுந்தால் திடீரென்று விசாலமான இடம். உடம்பு சில்லிட்டுப் போகும். அதுதான் முதல்வர் அறை.

முதல்வர் டாக்டர் ஞானசிகாமணி யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். அந்தத் திட்டுதான் அறையின் வெப்பம். புருஷனும் பெண்டாட்டியும் அதை வாய் நிறையக் குடிப்பார்கள். குடித்தால் கொதிப்பு வரும். கொதித்தால் ஆவி. ஆவியாகி மறுபடியும் அண்ணனிடம் ஓடுவார்கள். அண்ணன் மிதிப்பார். குடித்த திட்டை விசிறி அறைந்து பிடுங்கி வெளியே எறியும். அந்த அனல் போய் விழும் இடத்தில், வருகைப்பதிவு குறைந்த மாணவர்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். உள்ளே போய்த் திட்டு வாங்க முடியாதவர்களுக்கு வெளியிலேயே கிடைத்தது. கல்லூரியில் எதையும் வீணாக்குவதில்லை.

ஏசி கேஸ்களில் குலத்துக்கு நம்பர்தான் பெயர்; வெயிலுமுத்து நூற்றிருபத்தைந்து வகையறா. சுடலைவடிவு முப்பத்திரண்டு வகையறா. இவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதில்லை, எடை பார்ப்பார்கள். தராசின் ஒரு தட்டில் மாப்பிள்ளை, மறு தட்டில் பெண். முள் நடுவில் நிற்க வேண்டும். அன்றைக்குப் பெண் பக்கம் ஒரு சுண்டு தாழ்ந்தது. பெரியவர்கள் கூடிப் பேசி அவள் இடது கால் சுண்டுவிரலை வெட்டினார்கள். முள் நடுவுக்கு வந்தது. நாதஸ்வரம் வாசித்தார்கள். அன்று முதல் இருவருக்கும் சேர்த்து நானூற்றுப் பத்து ஏ என்று பெயர்.

நானூறு வரிசை என்பது சேர்ந்து குடியிருப்பவர்களின் வரிசை. ஐந்நூறு வரிசை என்று ஒன்று உண்டு. அது பெரிய இடம். அங்கே தம்பதிகள் ஒரே நொடியில் கொதிப்பார்கள், ஒரே நொடியில் அடங்குவார்கள். நானூறில் அப்படி வராது. யாராவது ஒருவர் முந்திவிடுவார். இவர்களில் சுடலைவடிவு மூன்றரை டிகிரி முந்துவாள்.

"என்ன அவசரம் ஒனக்கு?" என்பான் வெயிலுமுத்து, பின்னாலேயே கொதித்து வந்தபடி.

"அந்தாளு பேசுத பேச்சுக்கு நீங்க எப்படித்தான் இருக்கியளோ," என்பாள்.

இன்னொரு விஷயமும் உண்டு. சுடலைவடிவு பற்றிக்கொள்வாள். இரண்டு கையில் ஹைட்ரஜன் வைத்திருந்தாள். அது தீக்குச்சிக் கட்டு மாதிரி. முழங்கால் உயரத்துக்கு எரியத் தொடங்கும்போதே வெயிலுமுத்து தன்னிடமிருந்த ஐந்து ஈரச் சாக்குகளைப் போட்டு அமுக்கிவிடுவான். அவற்றுக்கு ஃப்ளோரின் என்று பெயர். கல்யாணமானதிலிருந்து அவள் ஒரு தடவைகூட முழுதாக எரிந்ததில்லை. வாழ்க்கையில் என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம் என்று வைத்திருந்தான். யாரும் கேட்கவில்லை.

ஒரு முற்பகலில் ஏசி மெக்கானிக் கொம்பையா ஏணி போட்டு ஏறினான். அவன் தோளில் கொக்கி போட்டு ஆய்வாளர் சௌந்தரநாயகத்தைத் தொங்கவிட்டிருந்தான். ஆய்வாளருக்கு ஒரு கண் நீலம், ஒரு கண் சிவப்பு. இரண்டு கண்ணிலும் கேஸின் அழுத்தம் காட்டும் முள் ஆடியது. கைகள் ரப்பர் குழாய். இரண்டு கையையும் ஏசிக்குள் விட்டு வெயிலுமுத்துவின் குரல்வளையைப் பிடித்தார்.

"நம்பர்?"

"நூத்தி இருவத்தஞ்சு சார்."

"தொண்ணூறக் கூட்டு."

"இருநூத்திப் பதினஞ்சு."

"இலக்கம் இலக்கமாப் பிரி."

"ரெண்டு கார்பன், ஒரு ஹைட்ரஜன், அஞ்சு ஃப்ளோரின்."

கார்பனுக்குத் தலைக்கு நாலு கை. இரண்டு கார்பனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது போக மிச்சம் ஆறு. ஆறிலும் ஆள் இருக்கிறதா என்று ஆய்வாளர் ஒவ்வொரு விரலாக ஒடித்துப் பார்த்தார். இருந்தது. சுடலைவடிவுக்கும் அப்படியே. முப்பத்திரண்டும் தொண்ணூறும் நூற்றிருபத்திரண்டு. ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஃப்ளோரின். நாலு கையும் சரியாகப் போயிற்று.

இப்படி எண்ணித்தான் போன வாரம் நூலக ஏசியிலிருந்த இருபத்திரண்டு வகையறாப் பெரியவரைப் பிடித்தார்கள். அவருக்கு நூற்றுப் பன்னிரண்டு வந்தது. நாலு கையில் மூன்றுக்குத்தான் கணக்கு இருந்தது. நாலாவது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். சுத்தியலால் அடித்துத் திறந்தார்கள். உள்ளே குளோரின், பச்சையாக, பல்லோடு. அது எகிறிப் போய் வானத்தில் ஒரு கடி கடித்துத் துப்பியது. அந்த ஓட்டை வழியாக வெயில் நேராக இறங்கிய இடத்தில் உதவி நூலகர் நின்றிருந்தார். இப்போதெல்லாம் அவருடைய நிழல் மட்டும் வேலைக்கு வருகிறது.

"எங்ககிட்ட குளோரின் இல்லைலா சார்," என்றான் வெயிலுமுத்து.

"இல்ல."

"அப்புறம் என்ன குத்தம்?"

"நீ ஒரு போர்வை. மேல போனா பூமிய மூடிருவ. கரியமில வாயுவ விட மூவாயிரத்துச் சொச்சம் மடங்கு கனத்த போர்வை."

"நான் மேல போனதே இல்லியே."

"போவ."

"அவ?"

"அவளும் போர்வைதான். ஆனா துண்டு. நீ கம்பளி. துண்டு இருக்கலாம். கம்பளி கெளம்பணும்."

வெயிலுமுத்துவுக்கு ஒடிந்த விரல்களைவிட இது வலித்தது.

"சார், நான் போயிட்டா அவ எரிஞ்சிருவா."

"லேசா எரிவா. லேசா எரியறதுக்குச் சட்டத்துல எடம் இருக்கு."

"லேசாவா?" என்றாள் சுடலைவடிவு. அவள் முகம் வாடிவிட்டது.

கொம்பையா பீடியைக் காதில் செருகிக்கொண்டு விளக்கினான். பிரிப்பது சுலபம். கலவைக்குள் யாரும் யாரையும் கட்டிப் பிடித்திருப்பதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். கொஞ்சம் சூடு காட்டினால் அவள் முந்திக் கொதித்து அந்தப் பக்கம் போய்விடுவாள். இவன் பின்தங்குவான். நடுவில் வால்வைச் சாத்தினால் தீர்ந்தது.

"ஐயா," என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான். "கொஞ்சம் சத்தம் போட்டீங்கன்னா வேலை முடிஞ்சிரும்."

முதல்வர் ஞானசிகாமணி எழுந்து நின்று சட்டைக் கையை மடித்துவிட்டார். முப்பது ஆண்டுப் பணியில் அவரிடம் யாரும் இதைக் கேட்டு வாங்கியதில்லை.

"முந்தாத," என்று குழாய்க்குள் கிசுகிசுத்தான் வெயிலுமுத்து. "நான் கொதிக்கித வரைக்கும் பொறுத்துக்கோ. சேந்து போனா ஒண்ணும் செய்ய முடியாது அவனுவளால."

"பொறுக்கேன்," என்றாள்.

முதல்வர் வேதியியல் துறைத் தலைவரைக் கூப்பிட்டார். காரணம் சொல்லவில்லை. வந்தவரின் வலது காதைப் பிய்த்து மேஜை மேல் வைத்து, அந்தக் காதிலேயே திட்டினார். அறை வெந்தது. சுடலைவடிவு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் வந்தது. கொதிக்கவில்லை.

முதல்வர் குழாயைப் பார்த்துத் திரும்பினார். "குழாய்க்குள்ள கெடக்குற கழுதை," என்றார்.

பொறுத்தாள்.

"ஒங்கண்ணன் ஒரு ஆளா? தங்கச்சிய மிதிச்சுச் சோறு திங்கிற பய."

கம்ப்ரசருக்குள் பிச்சாண்டி தொண்டையைச் செருமினார். சுடலைவடிவு உடம்பெல்லாம் குமிழ் விட்டது. வெயிலுமுத்து ஐந்து சாக்கையும் அவள்மேல் போட்டு மேலே ஏறி உட்கார்ந்தான். குமிழ் அடங்கியது. கொம்பையாவின் கை வால்வின் மேலேயே இருந்தது. ஆய்வாளரின் நீலக் கண்ணில் முள் அசையவில்லை.

முதல்வர் தண்ணீர் குடித்தார். பிறகு சத்தமே போடாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"அவ புருசன் இருக்கானே, அவன் எதுக்கும் ஆகாதவன். பொண்டாட்டி பத்திக்கிட்டா பயந்து நடுங்கி ஈரச் சாக்கத் தூக்கிட்டு ஓடியாறவன். அவனும் எரியமாட்டான், அடுத்தவளையும் எரியவிடமாட்டான்."

வெயிலுமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார் என்று பட்டது.

"எம்புருசனயா?" என்றாள் சுடலைவடிவு.

"ஏட்டி, வேண்டாம். பரவால்ல. அவரு சரியாத்தான்..."

அவள் ஏற்கெனவே ஆவியாகிவிட்டாள். கொம்பையா வால்வை அறைந்து சாத்தினான். அவள் சடை நடுவில் மாட்டிக்கொண்டது. அறுந்த நுனி வெயிலுமுத்துவின் கையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆய்வாளர் அவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சிலிண்டருக்குள் திணித்தார். கால் கொள்ளவில்லை. மடக்கி ஒடித்தார். கொண்டது.

இனி கொம்பையாவுக்கு ஒரு வேலைதான் பாக்கி. வேலை பார்த்ததில் குழாய்க்குள் வெளிக்காற்று புகுந்திருந்தது. வேக்கம் பம்ப் போட்டு அதை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

"வேக்கம் போடலியா தம்பி?" என்று கம்ப்ரசருக்குள்ளிருந்து பிச்சாண்டி கேட்டார்.

"எங்க பக்கம் யாரும் போடுறதில்லண்ணே. கேஸக் கொஞ்சம் தொறந்து விட்டா, காத்து தன்னால வெலகி ஓடிரும்."

திறந்துவிட்டான். காற்று ஓடவில்லை. அது அப்படி ஓடுகிற ஆள் இல்லை. உள்ளே ஒரு மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தது.

"கொம்பையா, உள்ள யாரோ வெளியாளு இருக்கான்."

"மிதிங்கண்ணே. சரியாப் போவும்."

"காலடி எண்ணெய் வேற காந்துது."

"மிதிங்கங்கேன்."

சிலிண்டருக்குள்ளிருந்து வெயிலுமுத்து தகரத்தில் தலையை முட்டினான். "மச்சான், மிதிக்காதீயும். அவ தனியா இருக்கா. மிதிக்காதீயும்." தகரம் தடிமனானது. பிச்சாண்டி கடமை தவறாதவர். சூடான எண்ணெய், வெளிக்காற்று, தங்கை, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து மிதித்தார்.

வெடித்தது.

பிச்சாண்டி மிதித்த காலோடு கேண்டீன் கூரையைத் துளைத்துக்கொண்டு போனார். விசிறி இறக்கை ஒன்று சுவரைக் கிழித்து உள்ளே வந்து வேதியியல் துறைத் தலைவரை நெட்டுக்கு இரண்டாகப் பிளந்தது. எடை போட்டால் சரிபாதி வந்திருக்கும். முதல்வரின் தலை கழுத்திலிருந்து கழன்று, கொடிமரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது. திட்டு நிற்கவில்லை. கொம்பையாவின் இடது கை எங்கோ போய்விட்டது. ஆய்வாளரின் சிவப்புக் கண்ணில் முள் கோட்டைத் தாண்டி வளைந்து மூக்கில் குத்தி நின்றது. வெளியே வரிசையில் நின்ற மாணவர்கள் மேல் செங்கல் விழுந்தது. சிலருக்கு மண்டை உடைந்தது. யாரும் நகரவில்லை. நகர்ந்தால் அன்றைய வருகைப்பதிவும் போய்விடும்.

சுடலைவடிவு சன்ஷேடில் நின்று எரிந்துகொண்டிருந்தாள்.

"அணைங்கடா," என்றது கொடிமரத்துத் தலை. "கல்லூரி போயிரும்."

கொம்பையா ஒற்றைக் கையால் சிலிண்டரைத் தூக்கி நிறுத்தினான்.

"நீ அணைச்சிருவேல்லா?"

"அணைப்பேன்," என்றான் வெயிலுமுத்து. "அதுதான் எனக்குத் தெரியும்."

"அணைச்சிட்டுத் திரும்பச் சிலிண்டருக்குள்ள வந்துரணும்," என்றார் ஆய்வாளர், மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக.

வால்வைத் திறந்தார்கள். வெயிலுமுத்து மடங்கிய காலை இழுத்து இழுத்து ஏணியில் ஏறினான். தோளில் ஐந்து சாக்கு. மேலே போனதும் ஒரு நிமிஷம் அவனுக்கு ஆள் தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்கு மேல் அவளை அவன் பார்த்ததே இல்லை. இப்போது ஆள் உயரம், அதற்கும் மேலே ஒரு ஆள் உயரம். அறுந்த சடை தன்பாட்டுக்கு முளைத்துத் தீயாக ஆடியது. முகம் தெளிவாக இருந்தது.

"ஏங்க."

"ம்."

"அணைக்கப் போறியளா?"

"அதுக்குத்தான் தொறந்துவிட்டிருக்காவ."

"அணைச்சா?"

"பழையபடி குழாய்தான். நீ தனியா. ஒங்கண்ணன் திரும்பி வந்ததும் மிதிப்பாரு."

"அணைக்காட்டி?"

"தெரியலியே. நீ முழுசா எரிஞ்சி நான் பார்த்ததில்ல."

"நானும் பார்த்ததில்ல," என்றாள்.

கீழே எல்லோரும் காத்திருந்தார்கள். தலை அவனுடைய அப்பாவைத் திட்டியது, தாத்தாவைத் திட்டியது. அந்தச் சூட்டைக் குடிக்க இப்போது யாரும் இல்லை. அது கொடிமரத்தைச் சுற்றி அப்படியே நின்றது. கொடி கருகியது.

வெயிலுமுத்து முதல் சாக்கை எடுத்தான். விரித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அதை மடித்து, சன்ஷேடு ஓரத்துக்குப் போய், கீழே போட்டான். கொம்பையா மேல் விழுந்தது. இரண்டாவதை ஆய்வாளர் மேல் போட்டான். மற்ற மூன்றும் எங்கே விழுந்தன என்று பார்க்கவில்லை.

பிறகு காலை நீட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முதலில் கைலியில் தீப் பிடித்தது.

"சுடுதா?" என்றாள்.

"ஏட்டி, இரு, இப்பத்தானே வந்திருக்கேன்," என்றான்.